முன்கூட்டியே வந்திருக்க வேண்டியவர் யார்?

சிவகாசிக்கும் வெம்பக்கோட்டைக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். மாறுதலில் இந்தப் பள்ளிக்கு வந்த முதல் வாரத்தில், "படிச்சு முடிச்சு ஆபீஸ் வேலைக்குப் போக யாருக்கெல்லாம் ஆசை?" என்று வகுப்பில் கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை. முன்வரிசைப் பையன் ஒருவன் மட்டும் எழுந்து, "ஆபீசுக்குப் போகக் கூடாதுன்னுதான் டீச்சர் எங்க அம்மா பள்ளிக்கூடத்துக்கே அனுப்புறாங்க" என்றான்.

எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. இந்தப் பகுதியில் ஆபீஸ் என்றால் ஆலை. தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். காலையில் வேன் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் இடம் அது. அங்கே சோதனைக்கு வருகிறவர்தான் பிள்ளைகளுக்குத் தெரிந்த "ஆபீசர்". அவர் வருகிறார் என்றால் வேலை நிற்கும், அன்றைய கூலி போகும், சில சமயம் ஆலைக்கே சீல் விழும். அவரைப் பற்றி வீட்டில் நல்ல பேச்சு எதையும் பிள்ளைகள் கேட்டிருக்க மாட்டார்கள். இப்படி வளர்ந்த பிள்ளையிடம் அரசுப் பணியின் பெருமையைச் சொல்லித் தொடங்கினால் அது செவியில் ஏறாது. அதை நான் இரண்டு மூன்று முறை செய்துபார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் படிப்பில் குறைந்தவர்கள் அல்லர். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் விருதுநகர் பலமுறை மாநிலத்தில் முதலிடம் பெற்றிருக்கிறது. அரசு வேலைக்கு ஆசைப்படுகிறவர்களும் குறைவில்லை. 2022இல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய குரூப் 4 தேர்வுக்கு மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்களில் பாதிப் பேராவது ஏதோ ஒரு பயிற்சி மையத்தில் இருப்பார்கள். ஆனால் எந்தத் துறைக்குப் போக விருப்பம் என்று கேட்டால், "எதுன்னாலும் சரி டீச்சர், கவர்மெண்ட் வேலையா இருந்தா போதும்" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலில் குற்றம் காண எனக்கு மனமில்லை. நானும் அப்படித்தான் பி.எட். முடித்தேன், பிறகுதான் இந்த வேலை எனக்குப் பிடித்தது. இருந்தாலும், நிலையான சம்பளம் என்ற ஒன்றை மட்டும் காட்டி அழைத்தால் கூட்டம் வரும். அந்தந்த வேலைக்கு உரியவர் வருவாரா என்பதுதான் என் கேள்வி. குறிப்பாக ஆபத்தை முன்கூட்டியே அறிந்து சொல்ல வேண்டிய வேலைகளுக்கு.

அந்த வேலைகளைப் பத்தாம் வகுப்புக்கு எப்படி அறிமுகம் செய்தேன், எங்கே தவறினேன் என்பதை எழுதுகிறேன். சக ஆசிரியர்கள் தங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

வேதிவினைகளின் வகைகள் பாடம் முடிந்த மறுநாள், பட்டாசு ஆலை விபத்து ஒன்றைப் பற்றிய பழைய செய்தித்தாள் நறுக்கை எடுத்துச் சென்றேன். இதைச் செய்ய விரும்புகிறவர்கள், வகுப்பில் யார் வீட்டிலாவது அப்படி ஓர் இழப்பு நேர்ந்திருக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் வேண்டுமென்றே பல ஆண்டுகளுக்கு முன்பு நடந்த, வேறு மாவட்டத்துச் செய்தியைத்தான் எடுத்தேன். கரும்பலகையில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் "பிறகு வந்தவர்கள்" என்று எழுதி, செய்தியில் வரும் அரசு ஊழியர்களையெல்லாம் சொல்லச் சொன்னேன். தீயணைப்பு வீரர், 108 ஊழியர், காவலர், கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், அரசு மருத்துவர், செவிலியர், தடய அறிவியல் துறையினர் என்று கரும்பலகையின் பாதி நிறைந்துவிட்டது. ஒரு விபத்துக்குப் பின்னால் இத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதே பிள்ளைகளுக்குப் புதிதாக இருந்தது.

பிறகு வலப்பக்கம் "முன்னாலேயே வந்திருக்க வேண்டியவர்கள்" என்று எழுதினேன். வெகுநேரம் யாரும் பேசவில்லை. ஒருவன் "இன்ஸ்பெக்டர்" என்றான். எந்த இன்ஸ்பெக்டர் என்று கேட்டால் தெரியவில்லை. கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, "உள்ள வேலை பாக்குறவங்களுக்கு முன்னாடியே தெரியும் டீச்சர். மருந்து அளவுக்கு மேல கெடக்குன்னு எங்க மாமா வீட்ல சொல்லிக்கிட்டேதான் இருப்பாரு. யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்றாள்.

நான் எடுக்க நினைத்த பாடம் முழுவதும் அவள் சொன்னதில் இருந்தது. விவரம் ஊரில் இருக்கிறது. அதைக் கேட்டு, சரிபார்த்து, உரிய இடத்தில் கொண்டுசேர்க்க ஆள் வேண்டும்.

2012 செப்டம்பர் 5 எனக்கு மறக்காது. அப்போது நான் வேறு பள்ளியில் இருந்தேன். ஆசிரியர் தின விழாவில் பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தபோதுதான் முதலிப்பட்டி விபத்துச் செய்தி வந்தது. ஏறத்தாழ 40 பேர் இறந்துபோனார்கள். உதவப் போனவர்களும் புகையைப் பார்த்து ஓடி வந்து நின்றவர்களும் அதில் இருந்தார்கள். ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, ஆம்புலன்ஸ் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வராந்தாவில் நின்றோம். வகுப்பில் இதை நான் விரிவாகச் சொல்வதில்லை. ஆனால் அந்த வலப்பக்கப் பத்தியை எழுதும்போதெல்லாம் அந்த நாள் நினைவுக்கு வருகிறது.

இதே கேள்வியை நாட்டளவில் கேட்டவர் ஒருவரைப் பற்றி அடுத்த பாடவேளையில் சொன்னேன். 1999 மே மாதத்தில் கார்கில் மலைகளில் ஊடுருவல் நடந்திருப்பதை முதலில் கண்டு சொன்னவர்கள் அந்தப் பகுதியில் ஆடு மாடு மேய்ப்பவர்கள். இத்தனை உளவு அமைப்புகள் இருந்தும் ஏன் முன்பே தெரியவில்லை என்று ஆராய அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் கே. சுப்ரமணியம். 1929இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் முதுநிலை வேதியியல் படித்தவர். 1951இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, பிற்காலத்தில் உளவு அமைப்புகளின் தகவல்களைச் சேர்த்து மதிப்பிடும் கூட்டு உளவுக் குழுவின் தலைவராகவும் இருந்தவர். துண்டு துண்டாகத் தகவல் வந்திருந்தும் அவற்றைப் பகிர்ந்து, ஒன்றுசேர்த்துப் பார்ப்பதில் குறை இருந்தது என்பது அவருடைய குழு சுட்டிக்காட்டியவற்றுள் முக்கியமானது. "உன் மாமா சொன்ன விஷயம் மாதிரிதான்" என்று அந்த மாணவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

அவர் வேதியியல் படித்தவர் என்று சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு. ஐ.ஏ.எஸ். என்றால் வரலாறும் பொது அறிவும் படித்தவர்கள் மட்டும் என்று நினைத்திருக்கிறார்கள். உளவுத்துறை என்றால் சினிமாவில் வரும் துப்பாக்கியும் கறுப்புக் கண்ணாடியும். உண்மையில் அந்த வேலையின் பெரும்பகுதி மேசையில் நடப்பது. மொழி தெரிந்தவர், வரைபடம் படிக்கத் தெரிந்தவர், பணம் எங்கிருந்து எங்கே போகிறது என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவர், வேதியியல் தெரிந்தவர் எல்லோரும் அதற்குத் தேவை. 1968இல் ஆர்.என். காவ் தலைமையில் 'ரா' தனி அமைப்பாகத் தொடங்கியபோது உளவுப் பணியகத்திலிருந்துதான் ஆட்களை எடுத்தார்கள். அங்கு இருந்தவர்களோ பெரும்பாலும் காவல்துறையிலிருந்து வந்தவர்கள். மற்ற துறை அறிவுடையவர்களையும் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு அந்தக் காலத்திலிருந்தே இருக்கிறது.

தமிழ்நாட்டில் இன்னோர் எடுத்துக்காட்டும் சொன்னேன். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நடந்த குண்டுவெடிப்பில் வெடிபொருள் எப்படிக் கொண்டுவரப்பட்டது என்பதைச் சிதறல்களை ஆராய்ந்து கண்டறிந்தவர், மாநிலத் தடய அறிவியல் துறை இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன். அது உடலில் கட்டிய இடைவார்க் குண்டு என்று நிறுவியது அவருடைய ஆய்வு. அந்தத் துறையின் வேர் 1849இல் சென்னையில் தொடங்கிய வேதிப்பொருள் ஆய்வகத்தில் இருக்கிறது. வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியப் பவுடரையும் பேச்சுவழக்கில் தெரிந்துவைத்திருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பக்கத்து வேலை என்பதைச் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

ஆனால் திறமை மட்டும் போதுமா? தமிழாசிரியரிடம் ஒரு பாடவேளை கேட்டு வாங்கிச் சேர்ந்து நடத்தினோம். திருக்குறளில் 51ஆவது அதிகாரம் தெரிந்து தெளிதல், 52 தெரிந்து வினையாடல், 59 ஒற்றாடல். ஒருவரைப் பணிக்கு எடுக்கும் முன் அறம், பொருள், இன்பம், உயிருக்கு அஞ்சும் அச்சம் ஆகிய நான்காலும் சோதிக்கச் சொல்கிறார் வள்ளுவர். ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியவரைப் பிறகு சந்தேகிப்பதும் தீராத துன்பம் தரும் என்கிறார். உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலைக்குப் பெயர் எழுதும் முன்பே தகுதி பார்த்தார்கள். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. சமூக அறிவியலில் ஐந்து மதிப்பெண் கேள்வியாகப் படித்த செய்திதான். தேர்வாணையம் என்ற ஏற்பாடும் நமக்குப் புதிதல்ல. 1929இலேயே சென்னை மாகாணம் தனக்கென்று பணியாளர் தேர்வாணையத்தை அமைத்துக்கொண்டது.

ஒற்றாடல் அதிகாரத்தில் பிள்ளைகளுக்குப் பிடித்தது, ஒருவரையொருவர் அறியாத மூன்று ஒற்றர்களின் சொல் ஒத்துப்போனால்தான் நம்ப வேண்டும் என்ற கருத்து. உடனே ஒரு செயல்பாடு செய்தோம். மூன்று மாணவர்களைத் தனித்தனியாக அழைத்து, ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் மதிய உணவு வரிசையைப் பத்து நிமிடம் பார்த்து எழுதித் தரச் சொன்னேன். வரிசையில் 60 பேர் என்றான் ஒருவன். 85 என்றாள் ஒருத்தி. சண்டை நடந்தது என்றான் மூன்றாமவன், மற்ற இருவரும் சண்டையே பார்க்கவில்லை. கண்ணால் கண்டதும் கேள்விப்பட்டதும் ஊகித்ததும் எப்படிக் கலந்துவிடுகின்றன என்பதைப் பலகையில் எழுதிக் காட்டினோம். நல்ல பாடவேளை அது.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். உற்சாகத்தில், "உங்க தெருவில் நீங்கள் கவனித்த ஆபத்து ஒன்றை எழுதி வாருங்கள்" என்று வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டேன். மூடாத கிணறு, தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, தெருநாய் என்று பெரும்பாலோர் எழுதினார்கள். ஒருவன் மட்டும் தன் வகுப்பு நண்பன் வீட்டில் இரவில் கருந்திரி தயாரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தான், கதவு எண்ணோடு.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஓய்வறையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் கருந்திரி தயாரிப்பது சட்டப்படி குற்றம். அதைவிட, அந்த வீட்டுக்குள் என் மாணவன் தூங்குகிறான். சொல்லாமல் இருக்கவும் முடியாது. சொன்னால், ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையின் வீட்டை வேவு பார்க்க வைத்த ஆசிரியர் ஆகிவிடுவேன். வள்ளுவர் ஒற்றர்களைப் பற்றிப் பேசியது அரசருக்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. தலைமையாசிரியரிடம் தாளைக் காட்டினேன். அன்று மாலையே இருவரும் அந்த வீட்டுக்குப் போனோம். எப்படித் தெரிந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த அம்மாவும் கேட்கவில்லை. "வாரத்துக்கு எவ்வளவு கெடைக்குதுன்னு உங்களுக்குத் தெரியாது டீச்சர். கேஸ் போட்டுட்டா பிள்ளைகளுக்கு நீங்க வந்து சோறு போடுவீங்களா?" என்றார். தலைமையாசிரியர் பொறுமையாகப் பேசினார். மறுநாள் காலைக்குள் எல்லாம் வெளியே போயிருக்க வேண்டும், இல்லையென்றால் தகவல் கொடுக்காமல் எங்களால் இருக்க முடியாது என்று தெளிவாகவே சொன்னார். மறுநாள் மீண்டும் போனபோது அறை கழுவிவிடப்பட்டிருந்தது. சரக்கு ஒழிந்ததா, அடுத்த தெருவில் வேறு வீட்டுக்குப் போனதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நாங்கள் செய்தது போதுமா என்றும் தெரியாது. அந்த வீட்டுப்பாடத்தை மட்டும் அதற்குப் பிறகு நான் கொடுத்ததில்லை. நீங்களும் கொடுக்க வேண்டாம்.

தாளை எழுதிய பையனைத் தனியாக அழைத்து, அவன் செய்தது கெட்ட செயல் அல்ல என்று சொன்னேன். நண்பனின் உயிருக்குப் பயந்துதான் எழுதியிருந்தான். யாரிடமும் சொல்லாதே என்றும் கேட்டுக்கொண்டேன். சொல்லவில்லை. அந்த வயதில் அது பெரிய காரியம். ஒற்றருக்குச் செய்யும் சிறப்பை ஊரறியச் செய்யக் கூடாது என்று வள்ளுவர் ஏன் சொன்னார் என்பது எனக்கு அந்தப் பையனால் விளங்கியது. கே. சுப்ரமணியம் 1999இல் பத்மபூஷண் விருதை ஏற்க மறுத்துவிட்டார், அதிகாரிகள் அரசின் விருதைப் பெறக் கூடாது என்பது அவர் கருத்து. இப்படிப்பட்ட வேலைகளுக்குக் கைதட்டல் கிடைக்காது. விபத்து நடக்காத நாளைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. ஆகவே கைதட்டலுக்காகப் படிக்கும் பிள்ளையைவிட, பேசாமல் இருந்து வேலையை முடிக்கும் பிள்ளையை நாம் கவனித்து வைக்க வேண்டியிருக்கிறது. நம் பள்ளி விழாக்களில் பரிசு பெறுபவர்கள் பெரும்பாலும் முதல் வகையினர்.

இனி நடைமுறைச் செய்தி. வழிகாட்டல் வகுப்பில் நாம் ஒட்டும் பட்டியலில் மருத்துவர், பொறியாளர், ஆட்சியர், காவலர் இருப்பார்கள். எங்கள் வகுப்புச் சுவரில் சில பெயர்களைக் கூடுதலாக எழுதி ஒட்டியிருக்கிறோம். வெடிபொருள் கட்டுப்பாட்டு அலுவலர்: நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன்றிய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பில் பணி. எங்கள் ஊர்க்காரர்கள் "நாக்பூர் லைசென்ஸ்" என்று சொல்வது இந்த அமைப்பு தருவதைத்தான். வேதியியலோ வேதிப் பொறியியலோ படித்தவர்களை ஒன்றியப் பணியாளர் தேர்வாணையம் தேர்ந்தெடுக்கிறது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் உதவி இயக்குநர்: மாநிலத் தேர்வாணையம் வழியாக, பொறியியல் படித்தவர்களுக்கு. தடய அறிவியல் துறையின் இளநிலை அறிவியல் அலுவலர்: இதுவும் மாநிலத் தேர்வாணையம். உளவுப் பணியகத்தின் உதவி மத்திய உளவு அலுவலர்: பட்டப்படிப்புப் போதும், உள்துறை அமைச்சகத்தின் அறிவிப்பு வரும். அதே பணியகத்தின் பாதுகாப்பு உதவியாளர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு மாநில மொழியறிவு கேட்கிறார்கள். தமிழ் தெரிவது ஒரு தகுதி என்று எழுதியிருப்பதைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் இரண்டு முறை வாசித்தார்கள். 'ரா' இப்படிப் பொதுவாக விளம்பரம் செய்து தேர்வு நடத்துவதில்லை. வேறு பணிகளில் சிறந்தவர்கள் அங்கே போகிறார்கள் என்பதையும் எழுதியிருக்கிறோம்.

மாநிலப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை இருப்பதையும், அதற்குப் பள்ளியிலிருந்தே தமிழ்வழிச் சான்று தேவை என்பதையும் பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு ஊக்கத்தொகை உண்டு என்பதும் பலருக்குத் தெரியவில்லை.

பட்டியலை ஒட்டிய அன்று, மாமாவைப் பற்றிச் சொன்ன அதே மாணவி என்னிடம் வந்தாள். "நான் அந்த ஆபீசரா வந்தா, எங்க அம்மா வேலை பாக்குற ஆபீசையும் மூடணுமா டீச்சர்?"

"சட்டப்படி என்ன செய்யணுமோ அதைச் செய்யணும்மா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கே அந்தப் பதில் பிடிக்கவில்லை. மறுநாள் அவளை அழைத்துச் சொன்னேன்: அதிகாரியின் கையில் சீல் மட்டும் இல்லை. அளவுக்கு மேல் இருக்கும் மருந்தை அகற்றச் சொல்லலாம். ஓர் அறையில் நெருக்கி உட்கார்ந்திருப்பவர்களைப் பிரித்து உட்காரவைக்கச் சொல்லலாம். மணிமருந்து கலக்கும் வேலையை மட்டும் நிறுத்திவைக்கலாம். இவற்றை நேரத்தோடு செய்தால் பல இடங்களில் மூடும் நிலையே வராது. ஒரு வாரக் கூலி போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரிந்த அதிகாரி, ஆலைக்குக் கடைசியில் வரமாட்டார், முதலிலேயே வருவார். கண்டுகொள்ளாமல் போய்விடுவது மட்டும் இரக்கம் ஆகாது. அப்படிப் போனவர்களால் எத்தனை வீடுகள் என்ன ஆயின என்று உனக்கே தெரியும். தேவைப்பட்டால் உன் அம்மா வேலை பார்க்கும் ஆபீசையும் மூடத்தான் வேண்டும்.

அவள் பதில் சொல்லவில்லை. அந்த ஆண்டு மே மாதம் தேர்வு முடிவு வந்தபோது அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். நர்சிங் படித்தால் சீக்கிரம் வேலை கிடைக்கும், அதற்கு எந்தப் பிரிவு எடுக்க வேண்டும் என்று கேட்டார். அறிவியல் பிரிவு எடுத்தால் நர்சிங்குக்கும் போகலாம், வேறு வேலைகளுக்கும் போகலாம் என்று சொன்னேன். பெண்ணின் மனதில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அதை அவள்தான் சொல்ல வேண்டும். இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறாள். 2018இல் உச்ச நீதிமன்றம் தடை செய்த பச்சை உப்புக்கு, அதாவது பேரியம் நைட்ரேட்டுக்கு, மாற்றாக என்ன சேர்த்தால் பச்சை நிறம் வரும் என்று வேதியியல் ஆசிரியரிடம் கேட்டாளாம். அவர் ஓய்வறையில் என்னிடம் வந்து, "இந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுத்தீங்க? புத்தகத்தைத் தேட வச்சிட்டா" என்றார்.